சிவராமலிங்கத்தின் கொடி விசாரணை

டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் காப்பி போய் வந்துகொண்டிருக்கிறது. சிவராமலிங்கத்தின் வலது கை தலைக்கு மேலே ஏறிவிட்டது. எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மிளகாய் வியாபாரி, குருவிகுளத்தில் தன் மாமனார் ஒற்றை ஆளாக நின்று திருடர்களைப் பிடித்துக் கட்டிப்போட்ட கதையைச் சொல்கிறார்.

"கட்டிப்போட்டாருன்னீரே, கயிறு யாரு எடுத்துக் குடுத்தா?" என்று கேட்கிறார் சிவராமலிங்கம்.

காப்பி மறுபடியும் மேலே போகிறது.

சங்கரன்கோவில் கீழ ரத வீதியில் இந்தக் காப்பிக் கடைக்கு வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். சொன்னதை அவர் நம்பினால் காப்பி ஆற்றாமல், ஆவி பறக்க வரும். சந்தேகம் இருந்தால் ஆற்றுவார். தீரும்வரை ஆற்றுவார். யாரையும் பொய்யன் என்று அவர் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ஜில்லென்ற காப்பியை ஒருவன் குடித்து முடிக்கும்போது பக்கத்து பெஞ்சு சிரிக்கும், அவ்வளவுதான்.

இளையரசனேந்தலில் இரண்டு தலையோடு கன்றுக்குட்டி பிறந்திருக்கிறது என்று ஊரே பேசியபோது, கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறியவர் இவர் ஒருவர்தான். திரும்பி வந்து, "ஒத்தத் தலைதான். அதுவும் சுமாராத்தான் இருக்கு" என்றார். கோயில் புற்றுமண் பூசினால் தீராத வியாதி இல்லை என்று ஒரு பட்டர் சொல்லப்போக, "தீந்தவுக பேரச் சொல்லும், போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார். அந்தப் பட்டர் இப்போது எதிர்க்கடையில் காப்பி குடிக்கிறார். வருமானம் போகிறதே என்ற வருத்தம் இவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் கை கேட்க மாட்டேன் என்கிறது.

இப்படிப்பட்டவருக்குத் தங்கை புருஷனாக வாய்த்தவர் சங்கரசுப்பு. பம்பாயில் மில் வேலை போய், ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கதையோடும் போன வருஷம் ஊர் திரும்பினார். பெட்டியில் ஒன்றும் இல்லை. கதையில்தான் எல்லாம் இருந்தது. போர்ச்சுக்கீசியரை வெளியேறச் சொன்ன கோவா கிளர்ச்சியின்போது ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் முன்னால் பெருங்கூட்டம் கூடியதாம். சங்கரசுப்பு கொடிமரத்தில் விறுவிறு என்று ஏறி, அந்நியன் கொடியை அவிழ்த்து இறக்கினாராம்.

ஊர் சொக்கிப் போனது. ஜின்னிங் பாக்டரி முதலாளி பரமசிவன் கதர் கட்டுகிறவர். "அந்நியன் கொடிய எறக்குன கை நம்ம பஞ்சுக்குக் காவல் இருக்கட்டும்" என்று வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னார். கேட்டில் உட்கார்ந்திருக்கிற வேலை. கூடவே, "எதுக்கும் சிவராமலிங்கம் விசாரிச்சு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றும் சொல்லிவைத்தார்.

அன்று மத்தியானம் தங்கை வடிவாம்பாள் கடையின் பின்கட்டுக்கு வந்தாள். பல மாதமாக அவள் வீட்டு உலை அண்ணன் வீட்டு அரிசியில்தான் கொதிக்கிறது. "அண்ணே, ஊருக்கெல்லாம் ஆத்துத மாதிரி அவுகளுக்கும் ஆத்திராத. இந்த வேலையும் இல்லன்னா நாங்க எங்கன போவோம்?"

"நான் என்னட்டி செய்ய? கேட்டா, இருக்கதத்தானே சொல்லணும்" என்றார். அவள் அழுதுகொண்டே போனாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் விசாரணையை விடவில்லை.

பழைய பேப்பர்களைப் புரட்டினார். கூட்டம் இருந்தது, தடியடி இருந்தது, கொடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு, பம்பாயில் இருக்கும் உள்ளூர்ப் பையன் காசி வந்திருந்தான். தாராவியில் தோல் கிடங்கில் வேலை செய்கிறவன். அவனைப் பிடித்தார்.

"எங்க தெருவுல பாதிப் பேரு கொடி எறங்குச்சுங்கான். பாதிப் பேரு அன்னைக்கு மழ, கொடி ஏறவே இல்லங்கான். நாந்தான் எறக்குனேன்னு சொல்லுதவன் மட்டும் ஒரு லாரிக்கு இருப்பான், அண்ணாச்சி."

"கொடிமரம் எப்படி இருந்துது?"

"மரமா? மாடிச் சுவத்துல ஒரு கம்பச் சாய்ச்சு வச்சிருப்பான். கீழ நின்னா எட்டாது."

மறுநாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் சங்கரசுப்புவை உட்காரவைத்தார். "கொடிமரம் எங்கன நின்னுது, மாப்ளே?"

"உள்ள நுழைஞ்ச ஒடனே, வாசலுக்கு நேரா, அத்தான். செம்புத் தகடு அடிச்சு, உச்சியில மணி கட்டி, பளபளன்னு. ஒரு சுத்துச் சுத்தி வந்துட்டுத்தான் ஏறுனேன்."

"பலிபீடம் எந்தப் பக்கம்?"

"அது மரத்துக்குப் பக்கத்துல…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

பாவம், பிறந்ததிலிருந்து அவர் அண்ணாந்து பார்த்த கொடிமரம் சங்கரநாராயணர் சன்னதியில் நிற்பது ஒன்றுதான். அதையே பெயர்த்துக்கொண்டு போய்ப் பம்பாயில் நட்டுவிட்டார்.

சங்கரசுப்பு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கூட்டத்துல கடேசில நின்னேன், அத்தான். முன்னால நின்னவன் முதுகுதான் தெரிஞ்சுது. கொடிய நான் பாக்கவே இல்ல. போலீஸ்காரன் அடிச்ச அடி மட்டும் முழங்கால்ல விழுந்துச்சு. மில்லுல நிக்க முடியல, வேலை போச்சு. இங்கன வந்தா, ஊர்க்காரன் கொடிய எறக்குனியாலேன்னு கேக்கான். இல்லன்னு சொன்னா, பின்ன எதுக்குலே அடி வாங்குனன்னு கேப்பான்லா?"

சிவராமலிங்கம் சங்கரசுப்புவின் வேட்டியை முழங்காலுக்கு மேலே ஒதுக்கினார். எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். சங்கரசுப்பு பல்லைக் கடித்தார். இதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை பரமசிவன் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். சங்கரசுப்பு தூணோரம் நின்றார். கடை நிறைந்திருந்தது.

"என்னவே, விசாரிச்சீரா? கொடி எறக்குனது நெசந்தானா?"

யாரும் சிவராமலிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் கையில் இருந்தது. அவர் டிகாக்‌ஷனை விட்டார், பாலை விட்டார், சர்க்கரை போட்டார். டம்ளரை எடுத்தார். கை வழக்கம்போல் மேலே ஏறப் பார்த்தது. ஏறவில்லை. டம்ளரை அப்படியே, கொதிக்கக் கொதிக்க, சங்கரசுப்புவின் முன்னால் வைத்தார்.

"அப்புறம் என்ன" என்று பரமசிவன் எழுந்தார். "சாயங்காலம் வந்து சாவிய வாங்கிக்க." கடை முழுக்கக் கலகலத்தது. சங்கரசுப்பு சூடு பொறுக்காமல் டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு, கண் கலங்கக் குடித்தார்.

கூட்டம் கலைந்தபின் சிவராமலிங்கம் தனக்கென்று ஒரு காப்பி போட்டுக்கொண்டார். டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் ஆற்ற ஆரம்பித்தார். ஆவி அடங்கிப் போயிற்று, நுரை செத்துப் போயிற்று. அவர் ஆற்றிக்கொண்டே இருந்தார்.