தீப்பெட்டிக்குள் விழித்த ஈ

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை படுத்துவிட்டதால் தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கெட்ட காலத்திலும் எனக்குக் கோலாலம்பூரில் நிரந்தரமான வேலை இருந்தது. என்ன வேலை என்று யாராவது கேட்டால்தான் சங்கடம். ஈ வளர்க்கிற வேலை.

சிரிக்காதீர்கள். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரை ஒருவர், பிணத்திலும் புண்ணிலும் மொய்க்கும் பச்சை, நீல ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிச் சாடிகளில் ஈரல் துண்டைப் போட்டு, முட்டையிட வைத்து, புழுவாக்கி, கூடாக்கி, ஈயாக்கிக் கொடுப்பது என் பாடு. அவற்றைக் குண்டூசியில் குத்தி, லென்ஸ் வைத்துப் பார்த்து, இனம் பிரிப்பது அவர் பாடு. நான் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ‘ஈ டாக்டர்’ என்று பட்டம். சவரக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். ஈக்களுக்குப் போடும் மாட்டு ஈரலை ஆட்டு ஈரல் என்று சொல்லித்தான் மனைவியிடம் காலத்தை ஓட்டினேன். சின்னச் சின்னப் பொய் எனக்குக் கைவந்த கலை.

ஒரு சனிக்கிழமை காலை துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் எல்லையில், மூங்கில் புதருக்குள், ஒரு தொழிலாளியின் உடல் கிடைத்திருந்தது. முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கங்காணி அவனை அடித்து இழுத்துக்கொண்டு போனார், அதற்குப் பிறகு அவன் திரும்பவே இல்லை என்று அவன் மனைவி சொன்னாள். இந்தச் செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போதுகூட அவன் நின்றான், பிறகுதான் ஓடிப்போய்க் காய்ச்சலில் செத்திருப்பான் என்று கங்காணி சொன்னார். உடல் அழுகிவிட்டதால் காயம் தெரியவில்லை. எட்டு நாளா, நாலு நாளா? புழுக்கள்தான் சொல்ல வேண்டும்.

துரை மலேரியாக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். அதனால் என்னை அனுப்பினார். “பெரிய புழு உடம்பில் இருக்காது. நகர்ந்து போய்த் துணி மடிப்பில் கூடாகிவிடும். அதைத் தேடு. அதுதான் மூத்தது” என்று இரண்டு முறை சொன்னார். எனக்குத் தெரியாததா என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டே ரயிலேறினேன்.

கிள்ளான் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் கையிலிருந்த கரண்டியையும் சாடியையும் பார்த்தாள்.

“அண்ணே, நீங்க தமிழாளுதானே? அவரு மேலேர்ந்து புழுவப் பொறுக்கிப் போத்தல்ல போடவா வந்தீங்க?”

“கேஸுக்கு வேணும் தங்கச்சி.”

“எடுத்துக்குங்க. ஆனா அந்த நாத்தத் துணியோட அவர அனுப்பிறாதீங்க. தண்ணி ஊத்தி வேற வேட்டி கட்டி விடுங்கண்ணே. உங்களக் கும்பிடுறேன்.” ஒரு வெள்ளை வேட்டியை என்னிடம் நீட்டினாள்.

அந்தப் புழுதான் உனக்குச் சாட்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொஞ்சம் பொறு என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. புழு பொறுக்க வந்தவனாக இல்லாமல், நல்லவனாக அவள் முன்னால் நிற்க ஆசைப்பட்டேன். கைக்கு அகப்பட்ட புழுக்களை அவசரமாகச் சாடியில் அள்ளிப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் சிப்பந்தியோடு சேர்ந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். பழைய வேட்டியை உருவியபோது இடுப்பு மடிப்பிலிருந்து பழுப்புக் கூடுகள் நெல்மணி போலத் தரையில் உருண்டன. நான் குனிவதற்குள் சிப்பந்தி அடுத்த வாளியை ஊற்றினார். எல்லாம் சாக்கடைக்குப் போயின. துணி நெருப்புக்குப் போனது. நான் தடுக்கவில்லை.

சாயங்காலம் துரை கேட்டார். “கூடு இருந்ததா?”

“இல்லை, துரை.”

இருந்தது என்றால் எங்கே என்பார். வேலை போய்விடும். அடுத்த கப்பலில் நான்.

வீட்டுக்கு வந்து கால்சட்டையைக் கழற்றினேன். கால் மடிப்பிலிருந்து ஒரே ஒரு கூடு விழுந்தது. எப்படி ஒட்டிக்கொண்டு வந்ததோ! அதைத் தூக்கியெறியவும் மனம் வரவில்லை, துரையிடம் கொண்டுபோகவும் தைரியம் வரவில்லை. காலித் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கிள்ளானில் விசாரணை. சாடிகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். துரை நேர்மையான மனிதர். தன் முன்னால் இருந்ததை மட்டும் சொன்னார். “இந்தப் புழுக்களின் வயது நாலு நாள். அதற்கு மேல் சொல்ல நான் எதையும் பார்க்கவில்லை.” கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் என் பையில் ஏதோ சுரண்டியது. பிறகு ரீங்காரம். காலையில் கூடுடைத்திருந்த ஈ தீப்பெட்டிக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தது. முட்டை ஈயாக எங்கள் சாடிகளில் பத்து நாள் ஆகும். கங்காணி சொன்னது உண்மையானால் அவன் செத்து ஏழு நாள்கூட ஆகியிருக்காது, அந்த ஈ அன்றைக்குப் பிறந்திருக்கவே முடியாது. அந்த அறையில் அப்படி ஒரு ஈ இருப்பது தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுந்து நின்று பெட்டியை மேசைமேல் வைத்தால் போதும். அது கேட்டுவிடக் கூடாதே என்று உள்ளங்கையால் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

காய்ச்சலில் சாவு என்று முடித்துவிட்டார்கள்.

வெளியே அவள் எனக்காகக் காத்திருந்தாள். தோட்டத்தில் அவளுக்கு இனி இடமில்லை, கப்பலேற்றப் போகிறார்களாம். என்னைத் திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். அவளோ சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள்.

“எல்லாரும் அவர நாயாட்டம் நெனச்சாங்க. நீங்க ஒருத்தர்தாண்ணே மனுஷனா நெனச்சுக் குளிப்பாட்டுனீங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

என் கை இன்னும் பைமேல்தான் இருந்தது. உள்ளே சத்தம் அடங்கிவிட்டது.

துரை ஊருக்குப் போய்விட்டார், நானும் கிழவனாகிவிட்டேன். அந்த அறையில் வாய் திறக்கப் பார்த்தது அந்த ஈ மட்டும்தான், அதையும் அழுத்திக் கொன்றவன் நான் என்பதால், இன்றைக்கும் யாராவது எனக்கு நன்றி சொன்னால் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொள்கிறது.