பன்னிரண்டு பித்தளை மூடிகள்

இத்தாலி கட்டிய முதல் டிரெட்நாட் ரகப் பெரும் போர்க்கப்பலில் எனக்கு உத்தியோகம். கப்பல் பிறந்த காஸ்தெல்லமாரேதான் எனக்கும் ஊர் என்பதால், ஏதோ நானே அதைப் பெற்றுப்போட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவேன். கப்பலில் பன்னிரண்டு பெரிய பீரங்கிகள். கார்மினே என்கிற இந்த மாவீரனுக்குக் கடற்படை கொடுத்த வேலை, அவற்றின் வாயை மூடும் பித்தளை மூடிகளைத் தேய்ப்பது.

போர் மூன்றரை வருடம் நடந்தது. எதிரி தன் துறைமுகத்தை விட்டு வரவில்லை, நாங்களும் எங்கள் துறைமுகமான தாரந்தோவை விட்டு நகர்வதாக இல்லை. கப்பலின் அடியில் சிப்பி காய்த்ததுதான் மிச்சம்.

அந்த ஊரில் சிப்பி வளர்க்கும் எஜிதியோவின் மகள் ரொசாரியாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்கும் சம்மதம்தான். ஆனால் அவள் அண்ணன் தொனாத்தோ இசோன்சோ ஆற்றங்கரைப் பதுங்குகுழியில் செத்துப்போனவன். அந்த வீட்டில் போய், நான் மூடி தேய்க்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பெண் கிடைக்காதென்று பயந்தேன்.

1918 அக்டோபரில் எதிரியின் கையிலிருந்த துராத்சோ துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பினோம். அப்பாடா என்றிருந்தது. அங்கே மற்ற கப்பல்கள் சுட்டன, நாங்கள் காவல் நின்றோம். எங்கள் முறை வரவேயில்லை. அப்படியே திரும்பிவிட்டோம்.

வந்த ஞாயிற்றுக்கிழமையே பெண் கேட்கப் போனேன். மேசையில் சிப்பி திறந்துகொண்டிருந்த எஜிதியோவிடம், அவர் கேட்பதற்கு முன்பே அளக்க ஆரம்பித்தேன். பீரங்கி சூடேறியது, எதிரியின் கிடங்கு எரிந்தது, எனக்குக் காது அடைத்துவிட்டது என்று அடுக்கினேன். காதைக்கூட ஒருமுறை குடைந்துகொண்டேன்.

பாலம் திறந்து பெரிய கப்பல் கால்வாய்க்குள் நுழைந்தால் தாரந்தோ மொத்தமும் கரையில் வந்து நிற்கும். இத்தனை வருடம் அங்கேயே கிடந்தும் அது எனக்கு மறந்துவிட்டது.

"கப்பல் திரும்பி வந்தப்ப பாத்தேன். மூடி பன்னெண்டும் கண்ணு கூசுற அளவுக்கு மின்னுச்சு தம்பி," என்றார் எஜிதியோ. "பீரங்கி வாய்ல பெயிண்டுகூட கருகல."

கதவோரம் நின்ற ரொசாரியா தலையைக் குனிந்துகொண்டாள். வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

"எம் மவனும் பொய்தான் எழுதுனான். இங்க சண்டையே இல்லப்பா, சும்மா உக்காந்து சீட்டாடுறோம்னு. கடைசிக் கடுதாசி வரைக்கும் அதேதான்."

"மன்னிச்சிருங்க மாமா. மூணரை வருஷமா பித்தளைதான் தேய்ச்சேன். வேற ஒண்ணுமே நடக்கல," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தேன்.

"உக்காரு," என்றார். "நெசமாவே ஒண்ணும் நடக்கலயா? காலையில எந்திரிச்சதுலேருந்து சொல்லு."

காப்பி, பித்தளை, மத்தியானம் பாஸ்தா, பிறகு சீட்டு, தூக்கம் என்று சொன்னேன். மறுநாளும் இதேதான் என்றேன். அதையும் சொல்லச் சொன்னார். ரொசாரியா வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றவர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"அப்புறம்? சீட்டுல யாரு ஜெயிச்சா?"