சித்தப்பா சொல்லாதவை

பச்சைக் கம்பளிக் குல்லாவை இன்று காலை சித்தி துவைத்துக் கொடியில் போட்டாள். சித்திரை வெயிலில் வில்லியனூர்ப் பக்கம் கம்பளிக் குல்லா காய்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த நாள்முதல் சித்தப்பா அதைத் தலையிலிருந்து எடுத்ததில்லை, மாதா கோயில் பூசை நேரத்தில்கூட. பங்குச் சாமியார் முதலில் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார். தெருப் பையன்கள் "இன்னா மிலிட்டரி, மூலக்குளத்துல பனி பெய்யுதா?" என்று வம்புக்கு இழுப்பார்கள். "கை போனா பொழைச்சிக்கலாம்டா, தலை போனா ஒண்ணுமில்ல" என்பார் சிரித்துக்கொண்டே.

வடக்கே ஏதோ மலை உச்சியில் ஒயர்லெஸ் பிரிவில் இருந்தார். எந்த மலை என்று கேட்டால் "சொல்லக் கூடாது." என்ன செய்தி வரும் என்றாலும் அதேதான். சித்திக்கு அதில் அத்தனை பெருமை. "கட்டின பொண்டாட்டி, எங்கிட்டயே வாய் தொறக்கலயே" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். ஒரே ஒரு கிறிஸ்மஸ் அன்று, பிரியாணி சாப்பிட்ட அசதியில் என்னிடம் சொன்னார், பக்கத்திலேயே குண்டு வெடித்ததாம். "ரத்தம் ஒரு சொட்டு வரலம்மா. காது மட்டும் அடைச்சிக்கினு கிடந்திச்சி." ரத்தம் வராததால் யாரும் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை. மறுநாளே வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கு வந்தபின் தலைவலி வந்தது, காரணமில்லாத கோபம் வந்தது. ஒருநாள் பால் வாங்கப் போனவர் மூலக்குளம் சந்திப்பில் வண்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். வீடு எங்கே என்று கேட்ட போலீஸ்காரரிடம் "சொல்லக் கூடாது" என்றிருக்கிறார். வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் இது என்ன மாசம், எந்த ஊர் என்று கேட்டபோதும் அதே பதில். சித்தி முந்திக்கொண்டு, "அவரு அப்டித்தான் டாக்டர், உயிரே போனாலும் சொல்லமாட்டாரு" என்றாள். டாக்டரும் சிரித்துவிட்டுத் தலைவலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஒரு மாலை வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். சித்தப்பாவின் முறை வந்தது. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். உதடு அசைகிறது, அடுத்த வார்த்தை வரவில்லை. வேர்த்து ஊற்ற என்னைப் பார்த்து, மெதுவாக, "சொல்லக் கூடாது" என்றார். ராணுவத்து ரகசியம் சரி, மாதாவிடம் ஜெபம் சொல்ல என்ன தடை? இத்தனை நாளாக அவர் மறைத்தது எது, மறந்தது எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சித்தி ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் "குண்டு அதிர்ச்சியில மூளை அடிபட்டிருக்கு, முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். எவ்வளவு முன்னாடி ஐயா? டிவியில் நாட்டுப் பாதுகாப்பு என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாட்டின் ரகசியத்தையெல்லாம் சுமந்தது இந்த மூளைதானே, அதற்கு யார் காவல் நின்றார்கள்? ஓய்வுபெறும் அன்று துப்பாக்கியைப் பாகம் பாகமாகச் சரிபார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். அவருடைய தலையை ஒருவரும் சரிபார்க்கவில்லை. இனிமேல் யாரிடம் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் குல்லா காய்ந்ததும் சித்தி கொண்டுபோய் அவர் தலையில் மாட்டினாள். தினமும் கேட்பதைக் கேட்டாள்: "நான் யாருங்க, சொல்லுங்க." இன்னாடி, வாடி என்றே அவளைக் கூப்பிட்டுப் பழகியவர், அவள் முகத்தையே பார்த்தார். சொல்லக் கூடாது என்றாவது சொல்லமாட்டாரா என்று காத்திருந்தோம். அவர் குல்லாவைக் கழற்றி, அவளுடைய நரைத்த தலையில் மாட்டி, காது இரண்டையும் மூடிவிட்டார்.

"போட்டுக்குங்கம்மா, இங்க பனி ஜாஸ்தி. இருட்டறதுக்குள்ள கிளம்புங்க, உங்க வூட்ல தேடுவாங்க."