பழனியம்மாளின் கரிசலும் என் கையெழுத்தும்

அன்று எனக்கு இரண்டு போன்கள் வந்தன. காலையில் பழனியம்மாளின் மகள் தேவி பேசினாள். "சார், அம்மா போயிட்டாங்க. மடை மாத்திட்டு வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதானுங்க" என்றாள். மதியம் இன்னொருவர். முள்ளுக்குறிச்சிப் பக்கம் மனை போட்டு விற்கும் தரகர். துக்கம் விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "அந்தத் தோட்டத்து மண்ணுக்கு அப்ப ஒரு ரிசல்ட் குடுத்தீங்களே சார், எங்க காப்பி மங்கிப்போச்சு. உங்ககிட்ட ஒண்ணு இருக்குங்களா?" என்று கேட்டார். பழனியம்மாளை அப்போது இன்னும் எடுக்கக்கூட இல்லை.

பதில் சொல்லாமல் போனை வைத்தேன். பதில் இதுதான். பழனியம்மாளை அறிந்த நீங்கள் எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்பு, இதே தரகர் ஒரு பையில் மண் கொண்டு வந்தார். பழனியம்மாள் தோட்டத்து மண் என்றார். எங்கே எடுத்தீர்கள், எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மோட்டார் ரூம் ஓரத்தில் மேலாகப் பூத்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டி வந்திருக்கிறார். 'களர் முற்றிய நிலம், சாகுபடிக்கு ஏற்றதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையில் இருந்த மண்ணுக்கு அது சரிதான், தோட்டத்துக்குச் சரியில்லை. கணவரை இழந்து ஒரு வருடம்கூட ஆகாத பழனியம்மாளிடம் அந்தத் தாளைக் காட்டி, செத்த நிலம், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று நெருக்கினார்கள். சொந்தக்காரர்களும் தலையாட்டிவிட்டார்கள்.

பழனியம்மாள் மட்டும் பஸ் ஏறி என்னிடம் வந்தார். ஒரு மண்கட்டியை என் ரிஜிஸ்டர் மேலேயே வைத்தார்.

"ஏனுங்க, இத எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எங்க தோட்டத்துக்கு வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"டாக்டர்கூட நாடி புடிச்சுப் பாத்துட்டுத்தான் செத்துப்போச்சுன்னு சொல்லுவாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. கருவி காட்டியதைத்தான் எழுதினேன் என்று சற்றுச் சத்தமாகவே சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. நான் சாப்பிட்டுத் திரும்பியபோதும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வருகிறேன் என்ற பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கொல்லிமலைச் சரிவு முடிந்து நிலம் சமமாகும் இடத்தில் இருக்கிறது அவர் தோட்டம். எரிமலைப் பாறை கரைந்து உண்டானது கரிசல் என்று பாடப் புத்தகம் சொல்லும். இந்த அடிவாரத்துக் கரிசல் வந்த வழி வேறாக இருக்கலாம், குணம் அதுவேதான். நனைந்தால் உப்பிப் பிசினாக ஒட்டும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். நான் போனது கோடையில். பழனியம்மாள் ஒரு வெடிப்பில் முழங்கை வரை கையை விட்டு அடிமண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்று இருந்தது. "செத்ததுக்கு ஈரம் இருக்குங்களா சார்?" என்றார்.

இடுப்பளவு குழி வெட்டிப் பார்த்தோம். ஏழெட்டு இடங்களில் மண் எடுத்தேன். வெள்ளை பூத்தது மோட்டார் ரூம் மூலையில் மட்டும்தான். அதற்கு அவரும் ஒரு காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும். வெடிப்பைக் கண்டாலே மண்ணுக்குத் தாகம் என்று போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார். கரிசல் குடித்த தண்ணீரை லேசில் விடாது. வடிய வழியில்லாமல் உப்புத் தண்ணீர் அந்த மூலையில் நின்று காய்ந்திருந்தது. சொன்னேன்.

"தப்புத்தானுங்க. நான் பண்ணுன தப்ப நான் திருத்திக்கறேன். நீங்க பண்ணுனத நீங்க திருத்துங்க."

அவர் வடிகால் வெட்டினார். ஊரெல்லாம் தண்ணீர் வருவதற்கு வாய்க்கால் வெட்டும், இந்தம்மா போவதற்கு வெட்டுகிறார் என்று கேலி பேசினார்கள். "பேசட்டுங்க, மம்பட்டி எங்கிட்டத்தான இருக்குது" என்றார். களரை முறிக்க ஜிப்சம் போட்டார், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். மூன்றாம் வருடம் மக்காச்சோளத்துக்குள் அவர் நின்றால் தலை தெரியவில்லை. அந்த மூலை மட்டும் வெகுநாள் முரண்டு பிடித்தது. "அதுக்கு எம்பட புத்தி சார், சொன்னாக் கேக்காது" என்று சிரிப்பார்.

தரகர் பக்கத்து நிலத்தை வாங்கி, அஸ்திவாரத்தை அரைகுறையாகப் போட்டு ஆபீஸ் ரூம் ஒன்று கட்டினார். மழையில் தரை எழும்பியது. அடுத்த கோடையில் சுவர் மூலைக்கு மூலை பிளந்தது. பழனியம்மாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "நான் என்னுங்க பண்ணட்டும், கீழ படுத்திருக்கறது பொரண்டு படுக்குது" என்றார்.

நான் புதிய ரிசல்ட் எழுதிக் கொடுத்தேன். 'சாகுபடிக்கு ஏற்றது' என்ற அந்தத் தாளை லேமினேட் செய்து மோட்டார் ரூமில் மாட்டினார். பழையதைத் திரும்ப வாங்க ஆபீஸ் முறையில் வழியில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"நான் இல்லாத காலத்துல அந்தச் சீட்டைக் கொண்டாந்து புள்ளைகிட்ட நீட்டுனா என்னுங்க பண்றது?"

"நானே வாரேன் அம்மிணி. வந்து தப்புன்னு சொல்றேன்."

அவர் வைத்த மண்கட்டி இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் பிறகு, கால் வைக்காத நிலத்தைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. இந்த இரண்டும் அவரிடமிருந்து எனக்கு வந்தவை. அவர் போனது தாங்க முடியவில்லை. அதைவிட, அவர் உடல் வீட்டில் கிடக்கும்போதே என் கையெழுத்தைத் தேடி ஒருவர் கிளம்பியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தரகரே, என்னிடம் காப்பி இல்லை. மங்கிப்போனதையே கொண்டு வாருங்கள். அதன் குறுக்கே 'இது தவறு' என்று எழுதி, அன்று போட்ட அதே கையெழுத்தைப் போட்டுத் தருகிறேன்.

தேவி, அம்மாவும் நீயும் நட்ட மஞ்சள் நிற்கிறது. எந்த ஆபீசில் அந்தத் தாளை நீட்டினாலும் எனக்கு ஒரு போன் போடு. நீ மடையைப் பார், ஆபீசுக்கு நான் போகிறேன்.