எடை பார்த்துப் போகும் கடிதங்கள்

“மூணு வரி கடுதாசிக்கு நாலு கிலோ எடை எங்கேந்துபா வந்துது?” என்று கேட்டுவிட்டு, செல்லியம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறார். எதிரே நிற்கும் விற்பனைப் பிரிவு ஊழியர் நெளிகிறார். அவர் அனுப்ப வந்தது ஒரு குடும்பப் படம். விசா விஷயமாக மைத்துனர் கேட்டார் என்று அலுவலக ஸ்கேனரில் வைத்து எடுத்தது. செல்லியம்மாள் படத்தைப் பெரிதாக்குகிறார். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், பின்வரிசையில் மாமியார். கணினியின் அம்புக்குறி நேராக மாமியாரின் முந்தானையில் போய் நிற்கிறது. “இது நம்ம பார்டராட்டம் இருக்குதே? மாமியார வெட்டிட்டு எடுத்துக்கினு வா, அனுப்புறேன்.”

மாமியார் வெட்டப்படுகிறார். கடிதம் இரண்டே முக்கால் கிலோவுக்கு இறங்குகிறது. “இப்ப நாயமா இருக்குது” என்று சொல்லி அனுப்பிவைக்கிறார்.

காஞ்சிபுரத்தின் அந்தப் பட்டுச் சேலை நிறுவனத்தில் முப்பத்தொரு கணினிகள் உண்டு. எதிலிருந்தும் வெளியே ஒரு மின்னஞ்சல் போகாது, வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. ஜிமெயில் என்று தட்டினால் திரையில் சிவப்பாக ஒரு கை வந்து வழிமறிக்கும். பென் டிரைவ் செருகும் வாய்களைப் பசை வைத்து அடைத்தாயிற்று. கைபேசிகள் காலையில் வாசற்காவலரின் மரப்பெட்டிக்குள் போனால் மாலையில்தான் வெளிச்சம் பார்க்கும். எதையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஒரே வழி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் செல்லியம்மாளின் கணினி. பெயர், யாருக்கு, என்ன விஷயம், எத்தனை எடை என்று நான்கு கட்டம் போட்ட சீட்டை நிரப்பி அவர் முன்னால் வைக்க வேண்டும். முதலாளி ராமராஜனின் கணினியும், இந்தப் பூட்டையெல்லாம் போட்ட கணினிக்காரர் ஜாஃபரின் கணினியும் மட்டும் இதற்கு விலக்கு.

இத்தனை பூட்டும் ஒரு பார்டருக்காகத்தான். சேலைக்கரையை இப்போதெல்லாம் கணினியில் வரைகிறார்கள். அந்தக் கோப்பு கிடைத்தால் போதும், எந்த ஊர் விசைத்தறியும் பத்தே நாளில் அதே கரையை ஓட்டிவிடும். மூன்று வருடத்துக்கு முன் அப்படித்தான் நடந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த கரை, இவர்கள் கடையில் தொங்குவதற்கு முன்பே எங்கோ ஒரு நடைபாதைக் கடையில் தொங்கியது. ராமராஜன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜாஃபரைக் கூப்பிட்டு, “எல்லா வழியையும் அடைச்சிடு” என்றார்.

அடைத்த வழியில் காவலுக்கு உட்கார செல்லியம்மாளை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று வெளியார் கேட்கலாம். உள்ளே இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். அதற்கு முன் இருபத்தேழு வருடம் அவர் எடை மேசையில் இருந்தவர். நெசவாளிக்குப் பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். சேலையாக வந்ததும் மறுபடி நிறுத்து வாங்குவார். நூலில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, கஞ்சியைத் தடவி எடையை ஏற்றிக் கொண்டுவருபவர்களை வாசலில் செருப்பு விடும்போதே கண்டுபிடித்துவிடுவார். “நெய்யும்போது கொஞ்சம் கழியும். குறைஞ்சி வந்தா அது நாயம். குடுத்த எடை கிராம் பிசகாம திரும்பி வந்துதுன்னா, அங்கதான் யாரோ கைவேல பண்ணிருக்கான்” என்பது அவர் கட்சி. பிறகு எடை மேசைக்கு மின்தராசு வந்தது. அதுவே நிறுத்து, அதுவே கணினியில் எழுதிக்கொண்டது. செல்லியம்மாளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இந்த நாற்காலியும் போனால், ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வேறு நாற்காலி கிடையாது. அது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

பத்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கடிதங்களை எப்படிச் சோதிப்பது என்று முதலில் கலங்கினார். ஜாஃபர்தான் திரையின் ஓரத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி, “இதுதான்கா சைஸ். கேபின்னா சின்னது, எம்பின்னா பெரிசு” என்றார். அவ்வளவுதான். கேபி கிராம் ஆயிற்று, எம்பி கிலோ ஆயிற்று. அன்றிலிருந்து அவர் கடிதங்களைப் படிப்பது அப்புறம்தான், முதலில் நிறுத்துவிடுகிறார். பட்டியலில் ஒரு எடை இடித்தால் அந்த வரிக்குக் கீழே கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுப்பார். பேனா தொடமாட்டார். பேனாக் கோட்டை யார் வேண்டுமானாலும் போடலாமாம்.

வீட்டிலும் இதே கதைதான். ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போகும்போது பையில் கையடக்கத் தராசு ஒன்று கூடவே போகும். கடைக்காரர் நிறுத்த கத்தரிக்காயை அங்கேயே தூக்கிப் பிடித்து மறுபடி நிறுத்துப் பார்ப்பார். இவரைக் கண்டாலே சிலர் தாமாகவே இரண்டு காய் கூடப் போட்டுவிடுவார்கள். அதற்கும் சந்தேகப்படுவார். “சும்மா ஏன் போடுறான்?” பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறியில் இருக்கும் கணவர் குமாரசாமி, “நான் பேசுறதையும் எடை போட்டுத்தான் காதுக்குள்ள வுடுவா” என்று பாவுக்குப் பின்னாலிருந்து முனகுவார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பது பேர் கடிதங்கள் அவர் கண் வழியாகப் போகின்றன. யார் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு மனுப் போட்டிருக்கிறார்கள், யாருக்கு ஜாதகம் வந்திருக்கிறது, யார் வீட்டில் வழக்கு நடக்கிறது, எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. “வெளிய சொல்ல மாட்டேன், பயப்படாத. ஆனா நம்பவும் மாட்டேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அந்த நம்பாத குணம் போன வருடம் ஒருவரின் வேலையைத் தின்றது.

இத்தனை காவலையும் தாண்டி, போன வருட ஆவணியிலும் கரை வெளியே போயிற்று. முதலாளி அந்த மாதத்துப் பட்டியலை மேசையில் போட்டு, பெயர் கேட்டார். கரைக் கோப்பின் எடை பதினெட்டு கிலோ நானூற்றுப் பன்னிரண்டு கிராம். தறிக்கு டிசைன் அட்டை அடித்துத் தருபவருக்கு முறைப்படி அனுப்பியவரே செல்லியம்மாள்தான், ஆகவே மனப்பாடம். அது போக, பட்டியலில் அந்த எடைக்கு நெருங்கி வந்தது ஒன்றே ஒன்று. வடிவமைப்புப் பிரிவின் கதிர்வேல், இவர் சாப்பிடப் போன அரைமணி நேரத்தில் சீட்டை வைத்துவிட்டுத் தானே அனுப்பியது. பதினெட்டு கிலோ ஐந்நூற்றுச் சொச்சம். போன கடிதம் அந்தக் கணினியில் தங்காது, பட்டியலில் எடை மட்டும்தான் நிற்கும். சீட்டில் ‘மகள் காது ஆபரேஷன், இன்சூரன்ஸ் காகிதம், 32 பக்கம்’ என்று எழுதியிருந்தது. “காகிதம் இவ்ளோ கனக்காது. நூறு கிராம் முன்னப்பின்ன இருக்கும், அது கணக்கில்ல” என்று செல்லியம்மாள் நகத்தால் கோடு இழுத்தார். கதிர்வேல், “அக்கா, கலர்ல ஸ்கேன் பண்ணிட்டன்கா, அதான் ஏறிடுச்சி” என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மறுநாள் அவர் வரவில்லை. இப்போது தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்கிறார். செல்லியம்மாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இந்த ஆவணியில் மறுபடியும் போயிற்று.

காலையில் ராமராஜன் ஒரு விசைத்தறிச் சேலையைக் கொண்டுவந்து செல்லியம்மாளின் மேசையில் எறிந்தார். அதே கரை. “சாயங்காலத்துக்குள்ள பேர் வரணும் செல்லிம்மா. இல்லன்னா இந்த நாற்காலில நீ எதுக்கு குந்திக்கினு இருக்கன்னு நான் கேக்க வேண்டி வரும்.” போகிற போக்கில், கதிர்வேலின் இடத்துக்கு வந்திருக்கும் சங்கரியைப் பார்த்துவிட்டுப் போனார். சங்கரி போன மாதம் அனுப்பிய ஒரு கடிதம் பதினேழு கிலோ என்பது அவருக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பதினேழு கிலோவை செல்லியம்மாள் தன் கண்ணாலேயே திறந்து பார்த்தவர். சங்கரியின் அக்கா கல்யாணப் பத்திரிகை, பிள்ளையார் படத்தோடு. ஆகவே அது இல்லை. அட்டை அடிப்பவருக்குப் போனது போக, வேறு எதுவும் பதினைந்தைக்கூடத் தாண்டவில்லை. தன் வழியாகப் போகவில்லை என்றால், விலக்கு கொடுத்த இரண்டு கணினிகள்தான் பாக்கி. எழுந்து நேரே ஜாஃபரிடம் போனார்.

“ஜாஃபரு, உன் மிஷின்லேந்து போனது, மொதலாளி மிஷின்லேந்து போனது, ரெண்டையும் சேத்து முழுப் பட்டியல் குடு. போன வருஷத்துதும் வேணும்.”

ஜாஃபர் சிரித்துவிட்டார். “என்னையே சந்தேகப்படுறீங்களாக்கா?”

“ஆமாபா. உன்னத்தான்.”

“சாருதுகூட எதுக்குக்கா?”

“தராசுன்னா எல்லாரும் ஏறணும். குடு.”

ஜாஃபர் கோபித்துக்கொள்ளவில்லை. அச்சடித்துக் கொடுத்தார். செல்லியம்மாள் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து, உதடுகள் அசைய, ஒவ்வொரு எண்ணாக இறங்கினார். ஜாஃபரின் பக்கத்தில் ஒன்றுமில்லை. அடுத்த பக்கம் ஆடி மூன்றாம் வெள்ளி, முதலாளியின் கணினி. இந்த வருடக் கரையின் எடை, ஒரு கிராம் கூடவும் இல்லை, ஒரு கிராம் குறையவும் இல்லை. போன வருடத்துத் தாளைப் புரட்டினார். அதே ஆடி, அதே வெள்ளி, அதே முகவரி. பதினெட்டு கிலோ நானூற்றுப் பன்னிரண்டு.

கிராம் பிசகாத எடையைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று இருபத்தேழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர், நூறு கிராம் வித்தியாசத்தைத் தன் வாயாலேயே தள்ளுபடி செய்து ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டிருக்கிறார். செல்லியம்மாளுக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. பசை வைத்து அடைத்த அத்தனை வாய்களும் தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது. மதியம் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப்போனதாக வாசற்காவலர் சொல்கிறார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளி அறையில் மூன்று பேர். நாற்காலியில் ராமராஜன், சுவரோரம் சங்கரி, நடுவில் தாள்களோடு செல்லியம்மாள். சங்கரியின் துப்பட்டா நுனி கையில் கயிறாக முறுகிக்கொண்டிருந்தது.

“அந்தப் பதினேழு இவளுதுதான?” என்றார் ராமராஜன்.

“அது பத்திரிகை. நான் பாத்தேன்.” செல்லியம்மாளின் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. பயந்துதான் இருந்தார். இந்த அறையைவிட்டு வெளியே போகும்போது தனக்கு நாற்காலி இருக்குமா என்பது அவருக்கே நிச்சயமில்லை. இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரு வரிக்குக் கீழே நகக்கோடு ஆழமாக விழுந்திருந்தது.

ராமராஜன் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். “இதுவா? இது நான் எங்க அக்காவுக்கு அனுப்புனது. அப்பா காலத்துலேந்து மொத பார்டர் அக்கா கண்ணுல பட்டப்புறம்தான் தறி ஏறும். அவங்க ராசி அப்படி. அக்கா வெளியாளா செல்லிம்மா?”

அவர் அக்கா சேலம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அக்கா மகன் அங்கே நாற்பது விசைத்தறி வைத்திருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் அவன் காரில் வந்து இறங்கும்போது, “எம் மருமவன், நாப்பது தறி” என்று முதலாளியே ஊழியர்களிடம் பெருமையாகச் சொல்வது வழக்கம். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு மெல்லத் தங்கித் தங்கிக் குறைந்தது. மேசைமேல் கிடந்த விசைத்தறிச் சேலையைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா அப்படிச் செய்ய மாட்டாங்க” என்றார்.

“கதிர்வேலும் பொண்ணு காதுக்குன்னுதான் சொன்னான் மொதலாளி. நான்தான் ஒத்துக்கல.”

செல்லியம்மாள் இடுப்பில் செருகியிருந்த சீட்டுக் கட்டை எடுத்தார். ஒன்றைக் கிழித்தார். நான்கு கட்டங்களும் முதலாளி பக்கம் நேராக இருக்கும்படி அவர் முன்னால் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார்.