பச்சைச் சேலை, மஞ்சள் கரை

சாத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் வலியப் போய் இழுத்துக்கொண்ட வேலை, ஒரு வாட்ஸ்அப் குழு. அடையாளம் தெரியாத உடல்களின் விவரத்தைக் காவல் நிலையங்களில் கேட்டு வாங்கி, 'காணவில்லை' அறிவிப்புகளோடு ஒப்பிடுவோம். ஒப்பிடுவது நான் மட்டும்தான். மற்றவர்கள் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வார்கள்.

ஒருநாள் கண்மாயில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. முகம் ஊதியிருந்தது. பச்சைச் சேலை, மஞ்சள் கரை. அச்சங்குளத்தில் காணாமல் போன பட்டாசுத் தொழிலாளியின் அறிவிப்பிலும் அதே சேலைதான், வயதும் ஒத்துவந்தது. "அவசரப்படாதீங்க" என்றார் குழுவில் ஒருவர். பூப்படக்காரர் எனக்குச் சொல்வதா என்ற எரிச்சலில், காணாமல் போனவளின் தங்கைக்கு போன் போட்டேன். "உங்க அக்கா கிடைச்சிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரி பிணவறைக்கு வாங்க."

வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தாள். அவள் கட்டியிருந்ததும் பச்சைச் சேலை, மஞ்சள் கரை.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இது அக்கா இல்லண்ணே. அவ கையில தீக்காயத் தழும்பு இருக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. இந்தச் சேலை ஆயுதபூஜைக்கு கம்பெனியில எல்லாருக்கும் குடுத்தது."

அதோடு அவள் திரும்பிப் போகவில்லை.

"அப்ப இவுகளும் எங்க கம்பெனிதான். இவுக போட்டிருக்க மூக்குத்திய படம் எடுத்துக் குடுங்க, ஷெட்டு ஷெட்டா கேட்டுப் பாக்குறேன்."

மூன்றாம் நாள் இறந்தவளின் பெயரும் ஊரும் சொன்னாள். அந்த வீட்டுக்கும் அவளே நேரில் போய்ச் சொன்னாள்.

அவள் அக்காவை இன்னும் தேடுகிறோம். நான் அழைத்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். அதனாலேயே, நிச்சயமாகத் தெரியாமல் அந்த எண்ணை நான் தொடுவதில்லை.