அவன் வாயில் ஒரு வார்த்தை

காளியை நம்பிக் கும்பிடுகிற என் உறவுகளே, என் வீட்டுக்காரர் செத்துப்போனதும் என் மகன் பேச்சை நிறுத்தியதும் ஒரே நாளில் நடந்தது. எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த நாளிலிருந்து இந்த நாள்வரை அவள் என்னை எப்படிக் கொண்டுவந்து சேர்த்தாள் என்பதை நானே சொன்னால்தான் என் மனசு ஆறும்.

கொல்லிமலையில் வாழவந்தி நாடு எங்களுக்கு. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். வீட்டுக்காரர் பெயர் செல்லமுத்து. ஒரே மகன், பூவரசன். போன வருடம் தை மாதம் கிழங்கு பிடுங்கி எங்கள் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றினோம். மலையை விட்டு இறங்கி முள்ளுக்குறிச்சிப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பூவரசனுக்குப் பதினெட்டு முடிந்து, லைசென்ஸ் கைக்கு வந்த புதிது.

"இன்னைக்கு நான் ஓட்டறேன்ப்பா" என்றான். அவர் சாவியைத் தூக்கிப் போட்டார். "ஓட்டு சாமி. வளைவுல ஹாரன் அடிக்காமப் போனீன்னா அங்கயே எறக்கி உட்டுருவேன், நடந்துதான் ஊடு வந்து சேரணும்" என்று சிரித்துக்கொண்டே இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். வாசலில் நின்று நான் பார்த்தேன். யார் எந்தப் பக்கம் ஏறினார்கள் என்று பார்த்தது நான் ஒருத்திதான்.

எங்கள் மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுவார்கள். "எறக்கத்துக்கு எதுக்குடி டீசலு? மலையே தள்ளி உட்டுரும்" என்பார் என் வீட்டுக்காரர். நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அன்றைக்கு அதையே செய்தான். பாரம் ஏற்றிய வண்டி. இஞ்சின் அணைந்தால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும் என்பதை எங்களில் யார் யோசித்தோம்? மிதிக்க மிதிக்க நிற்காமல் ஓடி, ஒரு வளைவுக்கு முன்னால் மலைப்பாறையில் போய் மோதியது. இடது பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள்தான், ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து கிடந்த இரண்டு பேரையும், யார் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் இழுத்து ரோட்டில் படுக்க வைத்தார்கள். அவர் உயிர் அங்கேயே போய்விட்டது. மகனுக்குக் கை முறிந்ததோடு சரி.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து "நீதான ஓட்டுன?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை, அதிர்ச்சி, பேசுகிறபோது பேசுவான் என்றார்கள் டாக்டர்கள். அப்பாவுக்குச் செய்ய வேண்டிய காரியம் எல்லாம் கட்டுப்போட்ட கையோடு செய்தான். வாயைத் திறந்து அழக்கூட இல்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவான். வைக்காவிட்டால் கேட்க மாட்டான். வண்டி நிற்கும் இடம் காலியாகக் கிடக்கும், அங்கே போய்க் குந்தியிருப்பான். வெயில் வந்தாலும் எழுந்திருக்க மாட்டான். அவரை இழந்தேன், சரி. உயிரோடு இருக்கிறவனையும் இழந்துவிட்டேனே என்று நெஞ்சு வெடித்தது.

காளியிடம் போய்ச் சண்டை போட்டேன். பக்தியாக வேண்டிக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டைதான் போட்டேன். "உனக்குத்தான் அத்தனை பெரிய கண்ணு இருக்குதே, பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தியா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க் கேட்டேன். கடைசியில் கத்துவதற்குத் தெம்பு தீர்ந்து, "அவரத் திருப்பித் தர மாட்ட, எனக்குத் தெரியும். எம் பையன் வாயில ஒரே ஒரு வார்த்தை குடு. 'அம்மா'ன்னு கூப்பிட்டாப் போதும். உனக்கு மணி கட்டறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் என் மகன் மாதிரியே ஆகிவிட்டாள் என்று நினைத்தேன்.

இதற்குள் கீழே கோர்ட்டில் வழக்கு வந்துவிட்டது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி ஒரு உயிர் போகக் காரணமானவன் என்று என் மகன் மேல் கேஸ். போன உயிர் யாருடையது? அவன் அப்பனுடையது. குற்றவாளிக்கும் நான்தான் வேண்டியவள், செத்தவருக்கும் நான்தான் வேண்டியவள். ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்றார் வக்கீல். பேசாத பிள்ளை ஜெயிலில் என்ன ஆவான்?

என் மச்சாண்டார், அதாவது அவருடைய அண்ணன், ஒரு வழி சொன்னார். தம்பியைப் பறிகொடுத்து அவரும் பாதியாகிப் போயிருந்தார். "இங்க பாரு கண்ணு, செத்தவன ஜெயில்ல போட முடியாது. தம்பிதான் ஓட்டுனான்னு கோர்ட்டுல சொல்லிப்போடு. கெளம்புனதப் பாத்தவ நீ ஒருத்திதான். பையன் போலீசுல தலைய ஆட்டுனத ஒரு சாட்சின்னு யாரும் சொல்ல முடியாது. இருக்கறவன் பொழைக்கட்டும்."

"பூக் கேட்டுப் பாத்துட்டுச் சொல்றேனுங்க மாமா" என்றேன்.

எங்கள் பக்கம் பெரிய காரியம் என்றால் பூக் கேட்காமல் இறங்க மாட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெளியே தெரியாதபடி இலையில் மடித்து அவள் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு. மச்சாண்டார் பெருமூச்சு விட்டு, "அவளுக்கென்ன, அவ கோர்ட்டுப் படி ஏறுனாளா?" என்றார்.

சாமி கூடாது என்று சொல்லிவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். விடவில்லை. பெற்றவள் பயத்துக்கு முன்னால் பூ என்ன செய்யும்? அவர்தான் ஓட்டினார் என்று சொல்வதாக முடிவு பண்ணிக்கொண்டேதான் ஐப்பசி மாதம் ஒரு மழை நாளில் பஸ் ஏறினேன். பாறையில் மோதிய அந்த வளைவு வந்தபோது பூவரசன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனேன்.

கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். "வண்டி கெளம்பும்போது யாரு ஓட்டுனது?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஐயா, எங்கம்மாவக் கேக்காதீங்க."

யார் பேசியது என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை. அத்தனை மாதம் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்து வந்தது. என் மகன் நின்றுகொண்டிருந்தான். வக்கீல் கையைப் பிடித்து இழுத்தும் அவன் நிறுத்தவில்லை.

"நான்தானுங்க ஓட்டுனேன். இஞ்சின அணைச்சதும் நான்தானுங்க. பிரேக்குப் புடிக்கல. வலது பக்கம் பள்ளமுங்க. அப்பா கத்தவே இல்லீங்க. 'எம் பக்கம் திருப்பு சாமி, எம் பக்கம் மோது'ன்னு மட்டும் சொன்னாரு. திருப்பிட்டேனுங்க. அந்தப் பக்கம் மோதுனா அவருக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதானுங்க திருப்புனேன்."

அவ்வளவுதான். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சுமையை வைத்துக்கொண்டா என் பிள்ளை வாயை மூடிக் கிடந்தான்? அப்பனைக் கொல்லத்தான் திருப்பினோம் என்று நினைத்து நினைத்தா வெயிலில் உட்கார்ந்திருந்தான்? அவர் தன் பக்கத்தைக் கொடுத்துப் பிள்ளையின் பக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அது அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நடந்ததை நான் மறைக்காமல் சொன்னேன், அவர் இடது பக்கம் ஏறியதையும் சேர்த்து. பிறகு ஒரு நாள் தீர்ப்பு வந்தது. குற்றம் குற்றம்தான் என்றார் நீதிபதி. முதல் குற்றம், வயது, அவனாகவே ஒப்புக்கொண்டது, எல்லாவற்றையும் பார்த்து ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தை ஜாமீனில் விட்டார். லைசென்ஸ் போய்விட்டது. மாதாமாதம் கீழே ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறான். பஸ்ஸில்தான் போகிறான். அந்த வளைவில் இப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறான். அவர் திரும்பி வரவில்லை. சமைக்கும்போது மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டு நான் இன்னும் அழுகிறேன்.

ஆனாலும் சொல்கிறேன். காளியிடம் நான் கேட்டது 'அம்மா' என்று ஒரு வார்த்தை. அவன் பேசிய முதல் பேச்சிலேயே அந்த வார்த்தை இருந்தது. என்னைப் பொய்யிலிருந்து காப்பாற்ற வந்த வார்த்தை. நான் கேட்காத இன்னொன்றையும் அவள் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் கடைசியாகச் சொன்னதை என் காதில் போட்டாள். அன்று நான் முந்திக்கொண்டு பொய் சொல்லியிருந்தால், அது என் பிள்ளை நெஞ்சோடு புதைந்து போயிருக்கும்.

மணியைப் பூவரசனே கட்டினான். கட்டிவிட்டு முதல் முறை அடித்தபோது, கோயில் வாசலில் சத்தம் போட்டு அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன். தம்பிகளே, இறக்கத்தில் இஞ்சினை அணைக்காதீர்கள். தாய்மார்களே, சிவப்புப் பூ வந்தால் என்னைப் போலத் தட்டிக்கழிக்காமல் நம்புங்கள். அழத்தெரியாமல் நெஞ்சு அடைத்துப்போனவர்கள் எங்கள் கோயிலுக்கு வாருங்கள். வாசலில் வலது பக்கம் முதல் மணி எங்களுடையது. இடது பக்கம் கட்டலாம் என்று பூசாரி சொன்னபோது, "இந்தப் பக்கமுங்க, அப்பா எனக்குக் குடுத்த பக்கம்" என்றான் என் மகன்.